வீட்டில் இல்லாத பாஸ்போர்ட்

அஜிதாவின் பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்தவள் நான்தான்.

அது தொலையவில்லை. அவள் எங்கேயோ வைத்துவிட்டு மறக்கவும் இல்லை. என் கையால் எடுத்து, என் பைக்குள் போட்டு, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், வேதியியல் ஆய்வகத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதனால் ஒரு தாய் தன் நான்கு வயது மகளிடம் திரும்பிப் போக முடியாமல் போயிற்று. ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் இதை நான் எவரிடமும் சொல்லவில்லை.

உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை நம்பியிருக்க மாட்டீர்கள். நாகர்கோவிலில் எங்கள் தெருவில் புஷ்பலீலா டீச்சர் என்றால் ஒரு மதிப்பு உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டைப் பற்றி என்னிடம்தான் விசாரிப்பார்கள். வீட்டை வாடகைக்கு விடுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும்... அப்படி ஒரு பெயர். அந்தப் பெயர் இல்லாத ஒருத்தி இதைச் செய்திருந்தால் அன்றே அகப்பட்டிருப்பாள்.

அஜிதா என் தம்பி எட்வினின் மனைவி. மனைவியாக இருந்தவள். எங்கள் ஊர்ப் பேச்சில் அவளுக்கு நான் மைனி.

எங்கள் அப்பா இறந்தபோது எட்வின் பள்ளிக்கூடத்துப் பையன். அம்மா நோயாளி. நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் வேலைக்குப் போய் அவனைப் படிக்க வைத்தேன். சொந்தக்காரர்கள் அதைத் தியாகம் என்பார்கள். நான் ஒருமுறைகூட மறுத்ததில்லை. அவன் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனபோது, சர்ச்சில் முன்வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்தவள் நான்.

அஜிதாவை அவனுக்குப் பார்த்ததும் நான்தான். அருமனைப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே சின்ன ஓட்டு வீடு. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். பெண் பி.ஏ. முடித்திருந்தாள்; அதிகம் பேசமாட்டாள். அந்தப் பேசாத குணமே எனக்குப் பிடித்துப்போனது. ஏன் பிடித்தது? இப்போது யோசித்தால் அதற்கும் கூசுகிறது.

கல்யாணமாகி அமெரிக்கா போனார்கள். அங்கே ரியா பிறந்தாள். அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது கிறிஸ்துமஸுக்கு மூவருமாக ஊருக்கு வந்தார்கள்.

அந்த வெக்கையிலும் அஜிதா முழுக்கைச் சுடிதார்தான் போட்டிருந்தாள். ஒரு நாள் பாத்திரம் துலக்கும்போது கையை மடித்து விட்டாள். முழங்கைக்கு மேலே விரல்கள் பதிந்த தடம், பழுத்து மஞ்சளாகியிருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

என்ன மக்கா இது என்று கேட்க எனக்கு எத்தனை வார்த்தை வேண்டியிருந்தது? தேங்காய் துருவணும் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனேன்.

இரண்டு நாள் கழித்து அவள் ரியாவைத் தூக்கிக்கொண்டு அருமனைக்கு அப்பா அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் எட்வின் உள்ளறையிலிருந்து வந்து என் எதிரே நின்றான். கையில் அந்த நீலப் புத்தகம்.

“அக்கா, இத நீங்க வச்சுக்கிடணும். அவ கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க.”

“என்னத்துக்கு?”

“அங்க வச்சு ஒரு தடவ போலீஸக் கூப்பிட்டுட்டா. இனியொரு தடவ கூப்பிட்டா எனக்க வேல போவும், விசா போவும், எல்லாம் போவும். கொஞ்ச நாளு இங்க கெடக்கட்டும். மனசு மாறினப்பம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“போலீஸக் கூப்பிடுற அளவுக்கு நீ என்னலே செஞ்ச?”

“ஒண்ணும் செய்யல்ல.”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் மேலே கேட்கவில்லை. கை நீட்டினேன்.

அந்த மஞ்சள் தடத்தைப் பார்த்த பிறகு நீட்டிய கை அது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் அரைப்பரீட்சை விடைத்தாள் கட்டுக்குள் அதைச் செருகி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விடுமுறை, வளாகமே காலி. “லீவுலயும் வேலையா டீச்சர்?” என்று வாட்ச்மேன் கேட்டார். “பேப்பர் திருத்தி முடிக்கணும்” என்றேன். ஆய்வக அலமாரியின் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கும். அமிலப் புட்டிகள் இருக்கும் தட்டு என்பதால் வேறு யாரும் திறக்கமாட்டார்கள்.

எட்வினின் திட்டம் எளிது. அஜிதாவின் விசா முடிந்திருந்தது. திரும்பிப் போக வேண்டுமானால் சென்னையில் நேர்காணலுக்குப் போய்ப் புதிதாக முத்திரை வாங்க வேண்டும். அதற்கு ஜனவரியில் ஒரு தேதி கிடைத்திருந்தது. அவனுக்கு விசா இருந்தது. ரியா அங்கேயே பிறந்தவள், அந்த நாட்டுக் குடிமகள். அவளுக்கு ஒன்றும் வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, நானும் அவளும் முதலில் போகிறோம், நீ முத்திரை வாங்கிக்கொண்டு பின்னாலேயே வா என்று அஜிதாவிடம் சொன்னான்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். ரியா கையில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலம். “அம்மா ரெண்டு ஞாயிறு கழிஞ்சு வருவேன், என்னா?” என்று அஜிதா சொன்னாள். பிள்ளை தலையாட்டியது. கண்ணாடிக் கதவு மூடிய பிறகும் அஜிதா கையை இறக்கவில்லை. கார் ஏறும்போது என்னிடம், “சாப்பிட அடம் பிடிப்பா மைனி. அவங்களுக்குப் பொறுமை கெடயாது” என்றாள்.

அப்போது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

சென்னைக்கு ரயிலேற வேண்டிய நாளின் காலையில் அவள் பீரோவைத் திறந்தாள்.

“மைனி, பாஸ்போர்ட்ட காணல்ல.”

“நல்லாப் பாரு.”

“இஞ்சதான் வச்சேன். எனக்கு நல்ல ஓர்ம உண்டு.”

தேடினோம். ஆம்... தேடினோம். சேலைகளை ஒவ்வொன்றாக உதறினோம். மெத்தையைப் புரட்டினோம். அவள் அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினாள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டுப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும், சுவர் ஓரம்வரை வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். எதற்காக? அவளை ஏமாற்ற மட்டும் என்றால் அவ்வளவு உள்ளே போயிருக்க வேண்டியதில்லை. அந்த நிமிஷத்தில் நான் உண்மையாகவே தேடுகிறவளாக ஆகிவிட்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

“இந்த வீட்டில இல்ல மக்கா” என்றேன் கடைசியில். அது பொய்யில்லை! அந்த வாக்கியத்தை நான் முந்தின வாரமே தயார் செய்து வைத்திருந்தேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தலைமேல் கைவைத்து, தொலைந்தது கிடைக்க வேண்டும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். அவள் ஆமென் சொன்னாள்.

ஒளித்ததை ஒருவேளை மன்னிக்கலாம். அந்த ஜெபத்தை யார் மன்னிப்பது?

எட்வினுக்குப் போன் செய்தாள். ஒரு பொருளைப் பத்திரமாக வைக்கத் தெரியாத நீ பிள்ளையை எப்படிப் பார்ப்பாய் என்று அவன் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. அவள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அன்றிலிருந்து தானே தொலைத்துவிட்டதாக நம்பத் தொடங்கினாள்.

நேர்காணல் தேதி போயிற்று. காவல் நிலையத்தில் புகார், விசாரணை, புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் என்று மாதங்கள் ஓடின. புதுப் பாஸ்போர்ட் கிடைத்தபோது புது விசாவுக்கு எட்வினின் வேலைத் தாள்கள் தேவைப்பட்டன. அவள் அங்கே வாழ்ந்ததே அவன் விசாவைச் சார்ந்துதான். அவன் தாள்களை அனுப்பவில்லை. வந்தது வேறொன்று. அங்குள்ள நீதிமன்றத்தில் விவாகரத்தும் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமையும் கேட்டு அவன் போட்ட வழக்கின் நோட்டீஸ். மனைவி தன் விருப்பப்படி இந்தியாவில் தங்கிவிட்டாள், பிள்ளையைப் பற்றி அக்கறை இல்லாதவள் என்று அதில் இருந்தது.

மனசு மாறினால் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாயே என்று அவனிடம் கேட்டேன். “இனி அது நடக்காதுக்கா” என்றான். அவ்வளவுதான் பதில். அப்போதாவது நான் அலமாரியைத் திறந்திருக்க வேண்டாமா?

அஜிதாவிடம் வக்கீல் வைக்க வசதியில்லை. நீதிமன்றத்தில் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று யாரோ சொல்லிப் போனாள். அங்கே அவளுக்குக் கிடைத்தவர் சுதா. என்னைவிடப் பத்து வயது இளையவர். குறுக்கே பேசாமல் கேட்பார், பிறகு ஒவ்வொன்றாக விளக்குவார். அமெரிக்காவில் குடியேறிய பெண்களுக்காக இலவசமாக வாதாடும் ஒரு வக்கீலை மின்னஞ்சல் வழியே தேடிப் பிடித்தவரும் அவர்தான்.

அந்த வக்கீல் முதலில் கேட்ட கேள்வியே இதுதான்: பாஸ்போர்ட் தொலைந்ததா, பறிக்கப்பட்டதா?

தொலைந்தது என்றால் அது அவள் கவனக்குறைவு. கணவன் பறித்தான் என்று காட்ட முடிந்தால் வழக்கே வேறு. தாய் பிள்ளையை விட்டுப் போகவில்லை, தடுக்கப்பட்டாள் என்று ஆகும். பிள்ளையை அப்பாவிடமே விடுவதற்குமுன் நீதிபதி யோசிப்பார். வழக்குக்காக அவள் அங்கே வந்து நிற்கத் தனி அனுமதி கேட்பதற்கும் ஒரு பிடி கிடைக்கும்.

சுதா எங்கள் இருவரையும் வரச்சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நானும் அஜிதாவும்.

“டீச்சர், நீங்க அந்த வீட்டுலயே இருந்திருக்கீங்க. எட்வின் அத எடுத்ததையோ மறைச்சதையோ நீங்க பாத்தீங்களா? பாத்திருந்தா ஒங்க பிரமாணப் பத்திரம் ஒண்ணு போரும். ஒங்க சொல்லுக்கு மதிப்பு இருக்கும். அவருக்க சொந்த அக்கா நீங்க.”

ஆய்வக அலமாரியின் சாவி அப்போது என் மடியில் இருந்த கைப்பைக்குள் கிடந்தது. பள்ளிக்கூடம் அங்கிருந்து நடக்கிற தூரம்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்” என்றேன். அதோடு நிறுத்தவில்லை. “அவளுக்குக் கொஞ்சம் மறதி உண்டு.”

சுதா அஜிதாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா மேடம்... கொஞ்சம் மறதி உண்டு” என்றாள்.

முதல் தவறைத் தம்பிமேல் வைத்த பாசத்தால் செய்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். இரண்டாவதை?

தம்பி ஜெயிலுக்குப் போவான் என்று பயந்தேன். என் வாசலில் போலீஸ் ஜீப் நிற்பதைத் தெருவே பார்க்கும் என்று பயந்தேன். எல்லாம் உண்மை. ஆனால் இவற்றுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்த வாக்குமூலத்துக்கே பொருளில்லை. அந்த மாதங்களில் எட்வின் தினமும் என்னைக் கூப்பிட்டான். அதற்கு முன் மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் பெரிது. அக்கா சாப்பிட்டீங்களா, அக்கா மாத்திரை போட்டீங்களா... யாருக்குமே வேண்டாதவளாகிவிட்டேன் என்று இருந்த எனக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது. ஒரு பிள்ளையின் தாயைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டிருந்தேன்.

சாட்சி இல்லாமல் வழக்கு நடந்தது. ஒருமுறை பார்வையாளர் விசாவுக்கும் முயன்றார்கள். சென்னைக்கு அவளோடு துணைக்குப் போனவள் நான். விசா அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள். பிள்ளை அங்கே இருக்கிறது, போனால் திரும்பி வரமாட்டாய் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. “உள்ளதச் சொன்னேன் மைனி. எனக்க பிள்ளையப் பாக்கணும்னு சொன்னேன். பொய் சொல்லியிருந்தா குடுத்திருப்பாவளோ?” என்று என்னிடம் கேட்டாள். எழும்பூர் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நான் கொண்டுபோன தயிர்ச் சாதத்தை அவளுக்குப் பிரித்துக் கொடுத்தேன்.

தீர்ப்பு எட்வின் பக்கம் வந்தது. தாய் வாரம் ஒருமுறை மகளுடன் கணினியில் முகம் பார்த்துப் பேசலாம் என்று மட்டும் இருந்தது.

பேசினாள். முதலில் ரியா தமிழில் பேசினாள். பிறகு பாதி. பிறகு அஜிதா கேட்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல், இரண்டு சொல். எட்வின் மறுமணம் செய்துகொண்டான். ரியாவுக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது, பிறந்தநாள் விருந்து இருக்கிறது என்று வாரங்கள் விட்டுப்போயின. ஒரு நாள் பிள்ளை, “நீங்கள்தானே என்னை விட்டுப் போனீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டதாம். இல்லை மக்கா, பாஸ்போர்ட் தொலைந்து போச்சு என்று சொல்லியிருக்கிறாள். பாஸ்போர்ட் தொலைந்தால் இன்னொன்று வாங்கக்கூடாதா என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது. அதன்பிறகு அழைப்புகள் நின்றன.

அஜிதா அருமனையில் ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்புக்கு மிஸ்ஸாகச் சேர்ந்தாள். ஒவ்வொரு வருஷமும் நான்கு வயதுப் பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். நான் ஒருநாளும் அந்தப் பள்ளிக்குப் போய் அவளைப் பார்க்கவில்லை.

ஆனால் அவள் என் வீட்டுக்கு வருவாள். கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து செய்து கொண்டுவருவாள். எனக்குக் கண்ணில் அறுவை நடந்தபோது வந்து தங்கி, வேளைக்கு வேளை சொட்டு மருந்து விட்டாள். ‘அவங்க குடும்பத்தில மைனி ஒருத்திதான் என்ன விட்டுக்குடுக்காம இருந்தது’ என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம். பக்கத்து வீட்டுக்காரி அதை வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஓய்வு பெற்றபோது அலமாரியைக் காலி செய்து பாஸ்போர்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொல்லையில் சருகு எரிக்கும்போது அதையும் போட்டுவிட நினைத்தேன். திறந்து பார்த்தேன். அந்தப் புகைப்படத்தில் அவளுக்கு என்ன வயதிருக்கும்? கல்யாணத்துக்கு முன் எடுத்த படம். முகத்தில் ஒரு பயமும் இல்லை. மூடி, திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இந்த ஆண்டு ஒரு மழை நாளில் குடையை மடக்கிக்கொண்டே அஜிதா உள்ளே வந்தாள். அவள் முகத்தை அப்படி நான் வெகுகாலமாகப் பார்க்கவில்லை.

“மைனி, ஒரு வழி இருக்காம். சுதா மேடம் சொன்னாவ.”

“என்ன வழி?”

“ரியா அந்த நாட்டுக்காரியில்லா? அவளுக்கு இருபத்தொண்ணு வயசு ஆச்சுன்னா அம்மையக் கூப்பிடலாமாம். அவளே மனு போடலாம். அவங்க அப்பா சம்மதம் வேண்டாம், கோர்ட்டு வேண்டாம். அவ மனசு வச்சா போரும்.”

மழையில் நனைந்த கால்விரல்களைத் தரையில் அழுத்திக்கொண்டு நின்றாள். அவ மனசு வச்சா போரும் என்று இன்னொருமுறை சொன்னாள். பிறகு குரல் இறங்கியது. “ஆனா நான் விட்டுட்டுப் போனேன்னு அவ நெனச்சிருக்கா. தொலச்சதுக்கு நான் என்ன சொல்லுவேன்?”

என்னால் அதற்குமேல் முடியவில்லை. துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். வாந்தி வரும்போது யாரும் முடிவெடுத்து வாந்தி எடுப்பதில்லை.

உள்ளே போய் எடுத்து வந்து அவள் கையில் வைத்தேன்.

அவள் புரட்டினாள். படத்தைப் பார்த்தாள். விசா ஒட்டிய பக்கத்தை விரலால் தடவினாள். “இது எங்க கெடச்சு?” என்றாள்.

“எங்கயும் போகல்ல மக்கா. எங்கிட்டதான் இருந்துது.”

“எப்பம் இருந்து?”

“அப்பம் இருந்தே. எட்வின் தந்தான். நான் வாங்கி ஸ்கூல்ல பூட்டி வச்சேன்.”

ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“கட்டிலுக்க அடியில டார்ச் அடிச்சுப் பாத்தியளே.”

“ஆமா.”

“எனக்க தலையில கை வச்சு ஜெபம் பண்ணினியளே.”

“ஆமா.”

அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பாஸ்போர்ட்டைத் தன் பைக்குள் வைத்தாள். குடையை எடுத்தாள். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

“டீச்சர், இத நீங்க ரியாட்ட சொல்லணும். எங்கிட்ட சொல்லி ஒண்ணும் ஆவப்போறதில்ல. அவட்ட சொல்லுங்க.”

டீச்சர். தெருவில் எல்லாரும் கூப்பிடுவது போல.

மறுநாள் சுதா என்னைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். “அன்னைக்கு இதே மேசையில வச்சு ஒங்ககிட்ட கேட்டேன் டீச்சர்” என்றார். அந்தத் தீர்ப்பைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். ரியா வளர்ந்துவிட்டாள், யாரிடம் பிள்ளை இருக்க வேண்டும் என்ற கேள்வியே இப்போது இல்லை, திறப்பதற்கு ஒன்றுமில்லை என்றார். என்மேல் வழக்குப் போடலாமே என்றேன். “நான் அவட்ட கேட்டேன். வேண்டாம்னுட்டா. கேஸ் போட்டா ரியாகிட்ட உண்மையச் சொல்ல ஆளிருக்காதுன்னு சொன்னா.”

அதில் இரக்கம் எதுவும் இல்லை. நான் அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. சாட்சியை யாரும் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் சித்தப்பாவின் பேத்தி ஒருத்தி அந்த நாட்டில் படிக்கிறாள். அவள் வழியாக ரியாவின் எண் கிடைத்தது. அங்கே விடிந்து நேரமான பிறகு கூப்பிட்டேன். எடுத்தாள். அத்தை பேசுகிறேன் என்றேன். வகுப்பில் சொல்வது போல ஒன்றன்பின் ஒன்றாக, ஆங்கிலத்தில், எல்லாவற்றையும் சொன்னேன். விரல் தடத்தையும் சொன்னேன். சாவி என் கைப்பையில் இருந்ததையும் சொன்னேன்.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில் மிக மரியாதையாகப் பேசினாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

“நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று அப்பா முன்பே சொல்லியிருக்கிறார். எனக்கு இருபத்தொன்று நெருங்கும்போது இந்தியாவிலிருந்து யாராவது கூப்பிட்டு, உன் அம்மா உன்னை விட்டுப் போகவில்லை என்று சொல்வார்கள் என்றார். கிரீன் கார்டுக்காக.”

“இது உண்மை ரியா.”

“அப்படியானால் எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஏன் சொல்லவில்லை? எட்டு வயதில்? அப்போதெல்லாம் அம்மா எப்போது வருவாள் என்று நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பதில்லை.”

இதற்கு உங்களிடமாவது பதில் இருக்கிறதா? நான் ஒரு பொய்யும் சொல்லாத அந்த ஒரே நாளில், என் வாயிலிருந்து வந்தது அச்சு அசலாக அவள் அப்பா முன்கூட்டிச் சொல்லிவைத்த பொய்யைப் போலவே இருந்தது.

“இனிமேல் கூப்பிட வேண்டாம், தயவுசெய்து” என்றாள். மறுநாள் முயன்று பார்த்தேன். மணியே அடிக்கவில்லை, என் எண்ணைத் தடுத்துவிட்டாள். எட்வின் இதுவரை கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டான்.

இதெல்லாம் அஜிதாவுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவள் போன் செய்து, “ரியா பேசினாளா டீச்சர்?” என்று கேட்டாள். சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். “எடுக்கல்ல மக்கா” என்று வந்தது.

“பரீச்சையா இருக்கும். அங்க பிள்ளைகளுக்கு பயங்கரப் படிப்பு. அடுத்த வாரம் பாருங்க” என்றாள்.

அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும். வேறு எதுவும் பேசுவதில்லை, நலம் விசாரிப்பதில்லை, வீட்டுக்கு வருவதில்லை. இது கருணையா, பழைய கோழைத்தனமா என்று எனக்கே தெரியவில்லை. பழையதுதான் என்று நினைக்கிறேன். அவளிடமிருந்து ஒரு செய்தியைப் பிடுங்கி மறுபடியும் எங்கோ பூட்டி வைத்திருக்கிறேன். உங்களிடம் சொல்கிறேன், அவளிடம் சொல்லவில்லை.

இன்று காலையும் கூப்பிட்டாள். புதுப் போட்டோ எடுத்துவிட்டாளாம். பிறகு வாங்கிய அந்தப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டாளாம். “ரியாவுக்க பர்த் சர்டிபிகேட்டுல அம்மா பேருன்னு எனக்க பேருதான் இருக்கு. மனு போடும்போ அது வேணும்னு மேடம் சொன்னாவ. காப்பி எடுத்து வச்சிட்டேன்.” பிறகு கேட்டாள்:

“இந்த வாரமும் எடுக்கல்லியா?”

“எடுக்கல்ல.”

“ரிங்காவது போச்சா?”

“போச்சு” என்றேன்.

“அப்பம் நம்பர் செரிதான்” என்றாள் அஜிதா.